காத்திருக்கும் பிராசசர்

தூக்கிப் போடாதே! – 9

போன வாரம் தூசி, ஃபேன், தெர்மல் பேஸ்ட்; அதற்கு முந்தின வாரம் எந்த ஸ்குரூ எங்கே என்கிற கணக்கு. விடாமல் படித்து வருகிறவர்களுக்கு இதற்கு மேல் நினைவூட்டத் தேவையில்லை. புதிதாக வந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம். இந்த வாரம் பேட்டரி என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் பேட்டரிக்குப் போகும் வழியில் ஹார்டு டிஸ்க் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பத்தியில் அதைக் கடந்துவிடலாம் என்பதுதான் திட்டம். 1956ஆம் ஆண்டுக் கணக்கு ஒன்று குறுக்கே வந்து நின்றுகொண்டது. அதிலிருந்து கிளம்பும் வாதம் இதுதான்: பழைய லேப்டாப் மந்தமாக இருப்பதற்குப் பிராசசரின் வயது காரணம் என்று நினைக்கிறோம், பெரும்பாலும் குற்றவாளி ஹார்டு டிஸ்க்குக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் தட்டு. அதை விட்டுவிட்டு வேறு எதை மாற்றினாலும் போட்ட காசுக்குப் பலன் குறைவு. அதை மாற்றிவிட்டால் மற்ற பலவற்றை மாற்ற வேண்டிய அவசியமே வராமல் போகலாம்.

பேச்சுக்கு ஒரு மாடலை எடுத்துக்கொள்வோம். 2011இல் வெளிவந்த லெனோவோ திங்க்பேட் எக்ஸ்220. பெரிய நிறுவனங்கள் ஊழியர்களுக்காக வாங்கி, சில ஆண்டுகள் கழித்து மொத்தமாகக் கழித்துக்கட்டிய ரகம் இது. அப்படித்தான் சென்னை ரிச்சி தெரு, பெங்களூர் எஸ்.பி. ரோடு, டெல்லி நேரு பிளேஸ் போன்ற இடங்களின் பழைய லேப்டாப் சந்தைக்கு இந்த வகை வந்து சேர்ந்தது. ஒன்றிரண்டு ஸ்குரூவைக் கழற்றினால் ஹார்டு டிஸ்க் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அடிப்பக்க மூடியைத் திறந்தால் ராம். எல்லாவற்றையும் கழற்றி மாட்டும் முறையை விளக்கும் சர்வீஸ் கையேட்டை லெனோவோவே பொதுவில் வைத்திருக்கிறது. இதில் பரவலாக வந்த இன்டெல் கோர் ஐ5-2520எம் பிராசசரின் அடிப்படை வேகம் 2.5 கிகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 250 கோடித் துடிப்பு. முக்கியமான விஷயம் என்னவென்றால், அந்த எண்ணிக்கை இன்றும் அதேதான். போன வாரம் சொன்னபடி தூசியைத் துடைத்து, பேஸ்டைப் புதிதாகத் தடவி, சூட்டில் மூச்சுத் திணறாமல் பார்த்துக்கொண்டால், 2011இல் ஓடிய வேகத்திலேயே அது இப்போதும் ஓடும். சிலிக்கானுக்கு மூட்டுவலி வராது. அப்படியிருக்க, "முன்பெல்லாம் நன்றாகத்தான் ஓடியது, இப்போது ஹேங் ஆகிறது" என்று எல்லோரும் சொல்வது எதைப் பற்றி?

தட்டைப் பற்றித்தான். லேப்டாப் ஹார்டு டிஸ்க்கில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றுபவை. நொடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி ஆகிறது. நமக்கு வேண்டிய தகவல் தட்டின் எந்த மூலையில் இருக்கிறதோ, அது தகவலைப் படிக்கும் முனையான ஹெட்டுக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும்: ஐந்தரை மில்லிநொடி. அதற்கு முன்பு ஹெட் சரியான வளையத்துக்கு நகர வேண்டும். அதற்கு ஏறத்தாழ 12 மில்லிநொடி. கூட்டினால், சிதறிக் கிடக்கும் ஒரு துண்டுத் தகவலை எடுக்கச் சுமார் 17 மில்லிநொடி. கேட்பதற்குச் சின்னதாக இருக்கிறது. நொடிக்கு 250 கோடி முறை துடிக்கும் பிராசசரின் கணக்கில் இது நாலேகால் கோடித் துடிப்பு. ஒவ்வொரு துண்டுக்கும் அத்தனை துடிப்பு வெறுமனே கழிகிறது. நொடிக்கு அறுபது துண்டுக்கு மேல் இந்தத் தட்டால் எடுத்துக்கொடுக்க முடியாது. துண்டு ஒன்று 4 கேபி என்றால், நொடிக்குக் கால் எம்பிகூடத் தேறாது. வரிசையாக அடுக்கிவைத்த ஒரு பெரிய சினிமா ஃபைலைப் படிக்கும்போது நொடிக்கு 100 எம்பி தரக்கூடிய அதே தட்டுதான் இது. கணினி தொடங்கும்போதும் பிரவுசர் திறக்கும்போதும் வேண்டியிருப்பது சினிமா அல்ல. ஆயிரக்கணக்கான சில்லறைத் துண்டுகள்.

இனி, குறுக்கே வந்து நின்ற அந்தக் கணக்கு. உலகில் விற்பனைக்கு வந்த முதல் ஹார்டு டிஸ்க் 1956 செப்டம்பரில் ஐபிஎம் அறிவித்த ரேமாக் கணினியில் இருந்தது. கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் ரெனால்ட் ஜான்சன் என்பவரின் தலைமையில் உருவானது. ஜான்சன் அடிப்படையில் பள்ளி ஆசிரியர். பென்சிலால் குறித்த விடைத்தாள்களைத் தானாகவே திருத்தும் கருவியைக் கண்டுபிடித்து, அதன் வழியாக ஐபிஎம்முக்குள் வந்தவர். அவருடைய குழு செய்த டிஸ்க்கில் இரண்டடி விட்டமுள்ள 50 அலுமினியத் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. தட்டைச் சுழலவிட்டு, நடுவில் காந்தப் பூச்சை ஊற்றினால், சுழற்சியின் விசையிலேயே அது ஓரம்வரை சீராகப் பரவிக்கொள்ளும். பூச்சு போட்ட விதம் இவ்வளவு எளிமை. மொத்தப் பெட்டியும் ஏறக்குறைய ஒரு டன் எடை. கொள்ளளவு 50 லட்சம் எழுத்து. ஐம்பது தட்டுக்கும் சேர்த்துப் படிக்கிற கை ஒன்றே ஒன்று! வேறொரு தட்டிலிருந்து தகவல் வேண்டுமென்றால், அந்தக் கை அடுக்கைவிட்டு முழுதாக வெளியே வந்து, மேலேயோ கீழேயோ நகர்ந்து, மறுபடி உள்ளே நுழைய வேண்டும். தட்டுகள் சுழன்ற வேகம் நிமிடத்துக்கு 1,200. ஒரு தகவலை எட்டச் சராசரியாக ஆன நேரம் 600 மில்லிநொடி, அதாவது முக்கால் நொடிக்கும் குறைவு. துளையிட்ட அட்டைகளிலும் காந்த நாடாவிலும் தேடிக்கொண்டிருந்த காலத்தில் இது பெரும் பாய்ச்சல்.

இப்போது ரேமாக்கை எக்ஸ்220இன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1956லிருந்து 2011 வரை 55 ஆண்டு. 50 லட்சம் எழுத்து 320 ஜிபி ஆகியிருக்கிறது: கொள்ளளவு 64,000 மடங்கு. ஒரு டன் பெட்டி சட்டைப் பைக்குள் அடங்கிவிட்டது. ஆனால் தட்டு சுற்றும் வேகம் 1,200இலிருந்து 5,400, நாலரை மடங்கு. தகவலை எட்டும் நேரம் 600 மில்லிநொடியிலிருந்து 17 மில்லிநொடி, சுமார் 35 மடங்கு. அரை நூற்றாண்டுக் கணினி உலகத்தின் கணக்கில் இது மிக மெதுவான முன்னேற்றம். இதற்குப் பொறியாளர்களைக் குறை சொல்ல முடியாது. எண்களைச் சுருக்குவது மின்னணுவியல். ஓர் உலோகக் கையை நகர்த்தி நிறுத்துவது இயந்திரவியல். எடையுள்ள பொருளை எவ்வளவு சீக்கிரம் நகர்த்தலாம், தட்டை எவ்வளவு வேகமாகச் சுழற்றலாம் என்பதற்குச் சூடு, சத்தம், அதிர்வு என்று எல்லை இருக்கிறது. சர்வர்களுக்கென்று நிமிடத்துக்கு 15,000 சுற்றுச் சுற்றும் டிஸ்க்குகளும் வந்தன. அவற்றிலும் அரைச் சுற்றுக்கு 2 மில்லிநொடி காத்திருக்கத்தான் வேண்டும். "7,200 சுற்று டிஸ்க் வாங்கிப் போட்டால் போதாதா" என்று கேட்பவர்களுக்கும் இதே கணக்குத்தான் பதில்: அரைச் சுற்றுக்கான காத்திருப்பு ஐந்தரையிலிருந்து நாலு சொச்சத்துக்கு இறங்கும், ஹெட் நகரும் நேரம் பெரிதாகக் குறையாது.

ரேமாக்கை விடுவதற்கு முன் ஒரு கிளைக்கதை. பத்திரிகை ஆசிரியர் வெட்டாமல் விட்டால் உங்களுக்கு வந்து சேரும். 1959 செப்டம்பரில் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்த சோவியத் தலைவர் நிகிதா குருசேவ், சான் ஹோசேயில் ஐபிஎம் ஆலைக்கும் போனார். நிறுவனத் தலைவர் தாமஸ் வாட்சன் ஜூனியர் ரேமாக்கைப் பெருமையாகக் காட்டினார். விருந்தாளியை அதிகம் கவர்ந்தது ஆலையின் கேண்டீன்! தொழிலாளியும் மேலாளரும் ஒரே வரிசையில் தட்டேந்தி நின்று தாங்களே உணவை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அவருக்குப் பிடித்துப்போயிற்று. அடுத்த ஆண்டு, 1960இல், கலிஃபோர்னியாவின் ஸ்குவா வேலியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கின் முடிவுகளைத் தொகுக்க ரேமாக்கைப் பயன்படுத்தினார்கள். ஆக, டிஸ்க்கின் மெதுவான வேகம் அன்று யாருக்கும் உறுத்தவில்லை. அதற்காகக் காத்திருந்த பிராசசரும் அப்போது மெதுவானதுதான். பிறகு பிராசசர் ஓடியது, டிஸ்க் நடந்தது. இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு விரிந்துகொண்டே போனது.

இந்த விரிசலுக்குக் கணக்கு வடிவம் கொடுத்தவரும் ஐபிஎம்காரர்தான். 1967இல் ஜீன் அம்தால் முன்வைத்த வாதம் இன்று அவர் பெயராலேயே அம்தால் விதி எனப்படுகிறது. கணினிகளை இணையாக ஓட்டுவதைப் பற்றி அவர் சொன்னது எந்த வேலைக்கும் பொருந்தும்: ஒரு பகுதியை மட்டும் வேகப்படுத்தினால், மொத்த லாபத்துக்கு மற்ற பகுதிகள் எல்லை கட்டிவிடும். கல்யாண வீட்டில் பரிமாற ஆள் ஒருவரே இருக்கும்போது, அடுப்படியில் சமையல்காரர்களை இரட்டிப்பாக்கினால் பந்தி சீக்கிரம் முடியாது. எண்ணில் பார்ப்போம். கணினி தொடங்க 100 நொடி ஆகிறது, அதில் 80 நொடி டிஸ்க்குக்காகக் காத்திருப்பு, 20 நொடி பிராசசர் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மடங்கு வேகமான பிராசசர் போட்டால் 80ம் 10ம் சேர்த்து 90 நொடி. பிராசசரைத் தொடாமல் டிஸ்க்கை மட்டும் 20 மடங்கு வேகமாக்கினால் 4ம் 20ம் சேர்த்து 24 நொடி. புது லேப்டாப் வாங்கியவர்கள் "பறக்கிறது" என்று வியக்கும்போது, அந்த வியப்பில் பெரும்பங்கு புதிய பிராசசரால் வந்ததல்ல, அதனோடு கூடவே வந்த, சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டியால் வந்தது என்பது என் துணிபு.

இதை நம்பித்தான் ஆக வேண்டும் என்றில்லை, சோதித்துப் பார்த்துவிடலாம். விண்டோஸ் 10 ஓடும் பழைய லேப்டாப்பில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, மெஷின் திணறும் நேரத்தில் பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் சிவந்து நிற்கும், பிராசசர் சும்மா பத்துப் பதினைந்தில் இருக்கும். அப்டேட் இறக்குவது, வைரஸ் தேடுவது, ஃபைல்களுக்கு அட்டவணை போடுவது என்று பின்னணியில் நடக்கும் எல்லாமே சில்லறைத் துண்டு வேலைகள். விண்டோஸ் எக்ஸ்பியில் பிரீஃபெட்ச், விஸ்டாவில் சூப்பர்ஃபெட்ச் என்று மைக்ரோசாஃப்ட் வரிசையாகச் சேர்த்த உத்திகளெல்லாம் இந்தக் காத்திருப்பை மறைக்க எழுந்தவை. சர்வீஸ் கடையில் "ஃபார்மட் போட்டா சரியாயிடும்" என்று சொல்வதிலும் உண்மை இருக்கிறது. சுத்தமாக நிறுவிய சிஸ்டத்தில் பின்னணி வேலைகள் குறைவு, ஃபைல்களும் சிதறாமல் அடுத்தடுத்து இருக்கும். சில மாதத்தில் புரோகிராம்கள் சேர்ந்து, ஃபைல்கள் சிதறி, பழைய நிலைமை திரும்பிவிடுகிறது. மறுபடி ஃபார்மட், மறுபடி கூலி. அதே டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் சும்மாயிருந்து பிராசசர் 100ஐத் தொட்டுக்கொண்டிருந்தால், என் வாதம் உங்கள் மெஷினுக்குப் பொருந்தாது. எக்ஸ்220இன் தலைமுறைச் சிப்புக்கு விபி9, ஹெச்.265 வகை வீடியோவை வன்பொருளில் விரிக்கும் வசதி இல்லை. யூடியூப்பில் பெரிய தரத்தில் பார்த்தால் பிராசசர்தான் மூச்சுவாங்கும். எஸ்எஸ்டி அங்கே உதவாது.

கடைக்காரர்கள் எழுப்பும் மறுப்பு ஒன்று உண்டு: "உங்க லேப்டாப்ல இருக்கிறது பழைய சாட்டா 2, எஸ்எஸ்டி போட்டாலும் முழு ஸ்பீடு கிடைக்காது." பாதி உண்மை. சாட்டா 3 இணைப்பில் நொடிக்குச் சுமார் 550 எம்பி கிடைக்கும், சாட்டா 2இல் அதில் பாதி. ஆனால் 550 என்பது வரிசையாகப் படிக்கும் வேகம். பெட்டியின் மேல் அதைத்தான் பெரிதாக அச்சிடுகிறார்கள். நாம் அழுவது அதற்காக அல்ல. சில்லறைத் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டால், சாதாரணச் சாட்டா எஸ்எஸ்டி நொடிக்குப் பல ஆயிரம் துண்டு தரும். எம்பி கணக்கில் முப்பது, நாற்பதுதான். இந்த நாற்பது எம்பி சாட்டா 2 குழாயில் தாராளமாகப் போகும். நொடிக்கு 60 துண்டிலிருந்து ஆயிரங்களுக்குத் தாவுவதுதான் உயிரை மீட்கிறது. 280ஆ 550ஆ என்பது பெரிய ஃபைலைப் பிரதி எடுக்கும்போது மட்டும் தெரியும். அம்தாலின் வாதம் இங்கே நமக்குச் சாதகமாகவே இன்னொரு முறை வேலை செய்கிறது: டிஸ்க் காத்திருப்பு ஏற்கெனவே 80இலிருந்து 4 நொடிக்கு இறங்கிவிட்ட பிறகு, அந்த 4ஐ 2 ஆக்கக் கூடுதல் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை. வாங்கும்முன் தடிமனைப் பார்ப்பது அதைவிட முக்கியம். எக்ஸ்220 போன்ற சில மாடல்களில் 7 மில்லிமீட்டர்தான் நுழையும். டிவிடி டிரைவ் உள்ள லேப்டாப் என்றால், டிவிடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் டிஸ்க்கைத் தாங்கும் கேடி ஒன்றைப் போட்டு, பழைய ஹார்டு டிஸ்க்கைப் படம், பாட்டு வைக்கும் கிடங்காக ஆக்கிக்கொள்ளலாம். கேடியும் 9.5, 12.7 என்று இரண்டு தடிமனில் வரும், அளந்துவிட்டு வாங்குங்கள்.

"எஸ்எஸ்டி தேய்ந்துபோகுமாமே" என்பது அடுத்த மறுப்பு. தேயும், அது அதன் இயற்கை. 1980களில் டோஷிபாவில் ஃபூஜியோ மசுவோகா உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகத்தில், எலக்ட்ரான்களை மெல்லிய காப்பு அடுக்கின் ஊடே உள்ளே தள்ளி அடைத்து வைக்கிறார்கள். ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் அந்த அடுக்கு கொஞ்சம் நலிகிறது. (1987இல் அவர் அறிவித்த நேண்டு வகைதான் இன்றைய எஸ்எஸ்டி, மெமரி கார்டு எல்லாவற்றுக்கும் மூலம். தகுந்த பங்கு தரவில்லை என்று அவர் தன் பழைய நிறுவனத்தின்மீதே வழக்குத் தொடுத்தார். 2006இல் 8.7 கோடி யென்னுக்குச் சமரசம் ஆனது. அவர் கேட்டதோ 100 கோடி யென்.) தேய்மானத்தின் அளவைப் பார்ப்போம். பெயர்பெற்ற நிறுவனத்தின் 250 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றுக்கு 150 டெராபைட் எழுதும்வரை வாரண்டி தருகிறார்கள். தினமும் 20 ஜிபி எழுதினாலும், வீட்டு உபயோகத்துக்கு அது அதிகம், அந்த எல்லையைத் தொட இருபது ஆண்டு ஆகும். லேப்டாப் அதற்கு முன்பே ஓய்ந்துவிடும். உண்மையான ஆபத்து வேறு இடத்தில். ஹார்டு டிஸ்க் சாவதற்குமுன் பல சமயம் டிக் டிக் என்று சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்எஸ்டி முன்னறிவிப்பின்றிச் செத்துப்போகக்கூடியது, தகவலை மீட்பதும் கடினம். மின்சாரமே காட்டாமல் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் போட்டுவைத்தாலும் உள்ளே அடைத்த எலக்ட்ரான்கள் மெல்லக் கசியும். எனவே எஸ்எஸ்டிக்கு மாறுகிறவர்கள் பேக்கப் எடுக்கும் பழக்கத்துக்கும் சேர்ந்தே மாற வேண்டும். பழைய டிஸ்க் டிக் டிக் கட்டத்துக்கு வந்துவிட்டது என்றால், இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு முதலில் படங்களையும் சான்றிதழ்களையும் வேறிடத்தில் பிரதி எடுங்கள்.

ராமைப் பற்றியும் ஒரு பத்தி சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதுவும் தட்டுக் கதைதான். ராமில் இடம் தீர்ந்ததும் கணினி டிஸ்க்கின் ஒரு பகுதியை ராமாகப் பாவித்து அங்கே இறக்கிவைக்கும். ராமிலிருந்து ஒன்றை எடுக்க ஆவது நொடியின் கோடியில் ஒரு பங்கைவிடக் குறைவு, ஹார்டு டிஸ்க்கில் 17 மில்லிநொடி; லட்சம் மடங்குக்கும் மேல் வித்தியாசம். 2 ஜிபி, 4 ஜிபி ராமோடு வந்த லேப்டாப் பிரவுசரில் பத்து டேப் திறந்ததும் கல்லாய்ச் சமைவது இதனால்தான். எனவே எஸ்எஸ்டிக்கு அடுத்த செலவு ராம். 8 ஜிபி இருந்தால் அன்றாட வேலைக்குப் போதும். எக்ஸ்220க்கு லெனோவோ சொன்ன உச்சம் 8 ஜிபி, ஆனால் 16 ஜிபியையும் அது ஏற்றுக்கொள்கிறது. ஓர் எச்சரிக்கை: டிடிஆர்3, டிடிஆர்3எல் இரண்டுக்கும் 204 பின்தான், ஸ்லாட்டில் இரண்டும் உட்காரும். முதலாவதுக்கு 1.5 வோல்ட், இரண்டாவதுக்கு 1.35. 2013க்குப் பிறகு வந்த பல லேப்டாப்கள் குறைந்த வோல்ட் வகையை மட்டுமே ஏற்கும். குறைந்த வோல்ட் வகையோ பெரும்பாலும் இரண்டிலும் ஓடும். சந்தேகமென்றால் எல் போட்டதை வாங்குங்கள்.

எல்லாவற்றையும்விடக் கனமான மறுப்பு மென்பொருள் பக்கமிருந்து வருகிறது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய பிராசசரும். எக்ஸ்220இல் இருப்பது இரண்டாம் தலைமுறை. பாதுகாப்பு அப்டேட் வராத மெஷினில் வங்கிக் கணக்கைத் திறப்பது அறிவுடைமை அல்ல. இதில் நான் வாதாட வரவில்லை. ஆனால் இங்கே காலாவதியானது மென்பொருள், மெஷின் அல்ல. லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போன்ற ஒன்றை ஏற்றினால், தொடர்ந்து அப்டேட் வரும், தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும். பிரவுசர், கடிதம், கணக்குத்தாள், வீடியோ கால் எல்லாம் நடக்கும். டேலி வைத்துத் தொழில் செய்பவருக்கும் ஃபோட்டோஷாப்பில் பிழைப்பவருக்கும் அது தீர்வாகாது, அவர்களுக்குப் புதிய மெஷின்தான் வழி. ஒரு வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப்களில் எத்தனை அப்படிப்பட்ட தொழிலுக்கு ஓடுகின்றன? பெரும்பாலானவை ஆன்லைன் விண்ணப்பம், பிள்ளைகளின் பாடம், ரயில் டிக்கெட், படம் என்ற அளவில் நிற்பவை. 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் மாணவர்கள் கைக்குப் போயின. பரண்மேல் கிடக்கும் அவற்றில் ஒரு பகுதி, தட்டை மாற்றினால் தம்பி தங்கைகளுக்கு இன்னும் சில ஆண்டு உழைக்கும்.

"பழையது கரண்டைக் குடிக்குமே" என்று கடைசியாக ஒரு குரல் வரும். கணக்குப் போடுவோம். பழையது புதியதைவிட 10 வாட் அதிகம் இழுக்கிறது, தினம் 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்று கொண்டால் 24 யூனிட். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்றே வைத்தாலும் ஆண்டுக்கு 240 ரூபாய். மாதம் இருபது ரூபாய் மிச்சம் பிடிக்கப் புது லேப்டாப் வாங்குவது சிக்கனம் ஆகாது. சுற்றுச்சூழல் நோக்கில் பார்த்தாலும், ஒரு லேப்டாப் தன் வாழ்நாளில் உண்டாக்கும் கரியமில உமிழ்வில் பெரும்பங்கு தயாரிக்கும்போதே முடிந்துவிடுகிறது என்பதைத் தயாரிப்பாளர்களின் சொந்த அறிக்கைகளே காட்டுகின்றன. அந்தப் பங்கு ஏற்கெனவே செலவழிந்துபோன ஒன்று. மெஷினை எத்தனை ஆண்டு ஓட்டுகிறோமோ அத்தனைக்கு அது ஈடாகிறது. இந்த வாதம் எல்லா லேப்டாப்புக்கும் செல்லாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2012இல் வந்த ரெடினா மேக்புக் ப்ரோவில் ராமை மதர்போர்டிலேயே பற்றவைத்து, பேட்டரியைப் பசை போட்டு ஒட்டிவிட்டார்கள். பிற நிறுவனங்களும் அந்த வழியில் நடந்தன. 32 ஜிபி ஈஎம்எம்சி சேமிப்புச் சிப்பைப் பலகையோடு பற்றவைத்த மலிவு லேப்டாப்களில் மாற்றுவதற்குத் தட்டே இல்லை. ஒரு ஸ்குரூடிரைவரால் எக்ஸ்220க்கு ஆயுள் நீள்கிறது என்றால், அப்படி நீள வேண்டும் என்று வடிவமைத்த யாரோ ஒருவர் அன்றே முடிவு செய்திருந்ததால்தான். வாங்கும்போதே அடிமூடி திறக்குமா, ராம் கழலுமா என்று கேட்கிற வாடிக்கையாளர்கள் பெருகினால் அந்த முடிவு திரும்ப வரும்.

எனவே வரிசை இது: முதலில் பேக்கப், அடுத்து எஸ்எஸ்டி, பிறகு ராம், அதன்பிறகும் பிராசசர் போதவில்லை என்றால் மட்டும் புதிய லேப்டாப் பற்றிய யோசனை. பேட்டரி எந்த இடத்தில் வரும் என்று கேட்பீர்கள். அதற்குத்தான் இந்த வாரம் ஒதுக்கியிருந்தேன், குருசேவ் சாப்பிட்டுவிட்டார். அடுத்த வாரம் நிச்சயம்: 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட உருளைச் செல்கள் ஆறு சேர்ந்து எப்படி ஒரு பேட்டரி ஆகின்றன, செல் நன்றாக இருந்தும் உள்ளிருக்கும் சிப் ஏன் கதவை அடைக்கிறது, சந்தையில் கிடைக்கும் போலியை எப்படி இனம் காண்பது. அதுவரை யாரும் பழைய பேட்டரியைக் கத்தி வைத்துப் பிளந்து பார்க்க வேண்டாம். லித்தியம் செல்லைக் கத்தி துளைத்தால் தீப்பிடிக்கக்கூடும். உப்பிப்போன பேட்டரி என்றால் கழற்றி, சார்ஜ் போடாமல், தீப்பற்றும் பொருள் பக்கத்தில் இல்லாத இடத்தில் தனியாக வைத்துவிடுங்கள்.